பின்கண்ணாடிப் பெயர்

கீரப்பாளையத்தில் பிரிந்து வடக்குமேட்டுக்குப் போகிற ரோடு ஒரு வண்டி போவதற்கென்று போட்ட ரோடு. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல். எதிரெதிரே இரண்டு கார் வந்தால் ஒன்று மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்குவானா? மாட்டான். ஆரனில் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருப்பான். பள்ளிக்கூடத்துப் பிள்ளை சைக்கிளோடு இறங்கி, புல்லுக்கட்டுக்காரி இறங்கி, எக்ஸெல் மொபெட்டில் பால் கேனோடு வருகிறவன் இறங்கி, கடைசியில் ஊரே சேற்றில் இறங்கி நின்று அந்த மகராசனுக்கு வழிவிட வேண்டும். போகும்போது ஒரு பார்வை வேறு பார்த்துவிட்டுப் போவான், இவர்களையெல்லாம் யார் ரோட்டில் விட்டது என்கிற மாதிரி.

மெயின் ரோட்டை அகலப்படுத்துகிறேன் என்று தோண்டிப் போட்டதிலிருந்து பிடித்தது சனி. செல்போன் குறுக்கு வழி காட்டுகிறதாம். சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் போகிற கார்களெல்லாம் வடக்குமேட்டுக்குள் நுழைய ஆரம்பித்தன. போனுக்குத் தெரியுமா இந்த ரோட்டில் ஆடு படுத்திருக்கும், ஆள் உட்கார்ந்திருப்பான், பங்குனி வந்தால் உளுந்து காயும் என்று? அது கோடு போட்டுக் காட்டுகிறது, இவன்கள் அழுத்துகிறான்கள்.

உளுந்தை ரோட்டில் போடுவது தப்பில்லையா என்று கேட்கலாம். கேட்கிறவன் கேட்டுவிட்டுப் போகட்டும். ஊர்க் களத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டியாயிற்று, மிச்ச இடத்தில் சமுதாயக் கூடம் வந்தாயிற்று. சம்பா அறுப்புக்குப் பிறகு அந்த ஈரத்திலேயே வளர்ந்த உளுந்தைப் பிடுங்கிக் கொண்டுவந்தால் எங்கே போட்டு அடிப்பது? தார் ரோட்டில் பரப்பிவிட்டால் வெயில் காய்ச்சும், மேலே ஏறிப்போகிற வண்டி நெற்றை உடைத்துக் கொடுக்கும். சாயங்காலம் செடியை உதறி எடுத்துவிட்டுப் பயறைக் கூட்டி அள்ளிக்கொள்ளலாம். பஸ் டிரைவருக்கும் டிராக்டர்காரனுக்கும் இது தெரியும், மெதுவாக ஏற்றி நேராக ஓட்டிப் போவார்கள். பயறு சிதறாமலிருக்க ஓரத்தில் கல் வைப்பதும் உண்டு. அந்தக் கல்லில் மோதி விழுந்தவர்களும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கொளஞ்சியம்மாளின் புருஷன் ஆண்டி செத்தது போன பங்குனியில், இந்த ரோட்டில், இந்த உளுந்தின் மேல்.

மத்தியானம் ஒரு பக்கம் காய்ந்த செடியைக் கவைக்கோலால் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார் அவர். கொளஞ்சியம்மாள் பூவரச மரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து கஞ்சியில் உப்புப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கார் ஒன்று வந்த வேகத்துக்கு ஆரன்கூட அடிக்கவில்லை. சத்தம் கேட்டு அவள் நிமிர்ந்தபோது ஆண்டி வாய்க்கால் ஓரத்தில் கிடந்தார், கவைக்கோல் ரோட்டின் நடுவே கிடந்தது. கார் கொஞ்ச தூரம் போய் நின்றது. பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. இறங்கி வருவான் என்று நினைத்தாள். பாவி, விளக்கு அணைந்தது, கார் போய்விட்டது.

நம்பரைப் பார்க்கத் தோன்றவில்லை. அவள் பார்த்ததெல்லாம் பின்கண்ணாடியை. மஞ்சள் எழுத்தில் பெரிதாக ‘ஸ்ரீமதி’ என்று ஒட்டியிருந்தது, பக்கத்தில் ஒரு மயிலிறகுப் படம். அஞ்சாங்கிளாஸ் படித்தவள், அதை ஒழுங்காகப் படித்துவிட்டாள். ஆண்டியைச் சிதம்பரம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் உயிர் போய்விட்டது.

ஸ்டேஷனில் கேட்டார்கள், நம்பர் என்ன என்று. பேர்தான் தெரியும் என்றாள்.

“பேர வெச்சி என்னாம்மா பண்றது? கார் வாங்குனவன் எல்லாம் பொண்ணு பேர ஒட்டிக்கிட்டுத்தான் திரியறான். இந்த ஜில்லாவுல ஸ்ரீமதிக்கா பஞ்சம்?” என்றார் எழுதிக்கொண்டிருந்தவர். சொன்னதில் பொய்யில்லை. ஆனாலும் சொல்லிவிட்டுச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பு அவள் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

கருமாதி முடிந்த அன்று அவள் தம்பி தங்கராசு எதிரே வந்து உட்கார்ந்தான். சொந்த டிராக்டர் வைத்து உழவுக்கு ஓட்டுகிறவன். சின்ன வயதில் அப்பன் போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியது ஆண்டிதான். மாமா மாமா என்று அவர் காலைச் சுற்றிக்கொண்டே வளர்ந்தவன்.

“நீ அந்தப் பேர மட்டும் காட்டுக்கா,” என்றான். “மத்தத நான் பாத்துக்கறேன்.”

சரி என்று தலையாட்டினாள். அன்றையிலிருந்து அவளுக்கு அது ஒன்றுதான் வேலை.

அதில் ஒரு கஷ்டம் இருந்தது. பேர் பின்கண்ணாடியில் இருக்கிறது. வண்டி வரும்போது மூஞ்சிதான் தெரியும், தாண்டிப் போன பிறகுதான் முதுகு தெரியும். எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்குள் வண்டி அய்யனார் கோயிலைத் தாண்டிவிடும். எத்தனையோ வெள்ளைக் கார்களை அப்படிக் கோட்டைவிட்டாள். அதிலே ஒன்றில் அவன் போயிருப்பானோ என்று நினைத்துச் சோறு இறங்காமல் கிடந்த நாட்கள் உண்டு.

அப்புறம்தான் யோசனை வந்தது. வண்டியை நிறுத்தினால் படித்துவிடலாம். நிறுத்த என்ன வழி? ரோட்டில் எதையாவது போட வேண்டும். வைகாசியில் எள்ளுச் செடியைப் போட்டாள். தையில் நெல்லைப் போட்டாள். இடைப்பட்ட மாதங்களில் வறட்டி காய வைத்தாள், அதற்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் பங்குனி பிறந்ததும் தன் உளுந்து போதாதென்று, “உன்னுதையும் குடு, நான் காய வெச்சித் தர்றேன்,” என்று வீடு வீடாகக் கேட்டு வாங்கிவந்து பரப்பினாள். ஊரில் எல்லாருக்கும் சந்தோஷம். வலிய வந்து வேலை செய்கிறேன் என்கிறவளை யார் வேண்டாமென்று சொல்வார்கள்?

கற்களையும் அவளே பொறுக்கிவந்தாள். சும்மா ஓரத்தில் வைக்கிற கல் இல்லை, வாய்க்கால் மதகை இடித்தபோது கிடந்த கருங்கல். இந்தப் பக்கம் ஒன்று, கொஞ்சம் தள்ளி அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்தாள். எந்தக் காரானாலும் பாம்பு மாதிரி நெளிந்துதான் போக வேண்டும், பெரிய கார் என்றால் நின்று கல்லை நகர்த்திவிட்டுத்தான் போக வேண்டும். அவள் எட்டி நடந்து பின்னால் போய்ப் படித்துவிடுவாள்.

“ஏண்டி, பொண்ணு பாக்க வந்தவ மாரி ஒவ்வொரு வண்டிக்கும் பின்னாடி போயி போயிப் பாக்குற,” என்பாள் கூட வேலை பார்க்கும் சௌந்தரம்.

“என் மாப்பிள்ளைய தேடுறேன், உனக்கு என்னா?” என்பாள் இவள்.

இலக்கியா போனாள், ராஜ்கமல் போனான், முருகன் துணை போனது, அம்மா அப்பா ஆசி போனது. ஸ்ரீமதி மட்டும் வரவில்லை.

நிறுத்தப்பட்டவர்கள் சும்மா போனார்களா? வாயில் வந்ததெல்லாம் பேசினார்கள். ஒருவன் கண்ணாடியைப் பாதி இறக்கி, “ரோடு என்னா ஒங்கப்பன் வூட்டு களமா?” என்று கேட்டான். இன்னொருவன் வேண்டுமென்றே பயறுக்குவியலின் மேல் ஏற்றி, சக்கரத்தைச் சுழற்றிச் சிதறடித்துவிட்டுப் போனான். கண்ணுக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண் இறங்கி அவளைப் போட்டோ எடுத்துக்கொண்டாள், யாருக்கோ அனுப்பப் போகிறாளாம். கல்லை எத்தி வாய்க்காலில் தள்ளினவன் உண்டு. இறங்கி நகர்த்தியவர்களில் ஒருத்தனாவது கல்லை மறுபடி எடுத்து வைத்தானா என்றால், கிடையாது. அந்த ஒரு வருஷத்தில் ஒருத்தன்கூடக் கிடையாது. கார் ஓட்டுகிறவர்களைப் பற்றி அவளுக்கு ஒரே அபிப்பிராயம்தான் இருந்தது, அதை மாற்றிக்கொள்ள யாரும் அவளுக்கு வாய்ப்புக் கொடுக்கவில்லை.

அப்புறம் ஒருவன் கொடுத்தான்.

வெயில் உச்சியிலிருந்து இறங்கிய நேரம். சிதம்பரம் பக்கமிருந்து ஒரு வெள்ளைக் கார் வந்தது. உளுந்து தெரிந்ததுமே வேகத்தைக் குறைத்துவிட்டது. முதல் கல்லுக்கு முன்னால் நிறுத்தி இறங்கினான் ஒரு ஆள். முப்பது வயது இருக்கலாம். நீலச் சட்டை, காலில் செருப்பு. செருப்பைக் கழற்றிக் காருக்குள் போட்டுவிட்டு வெறுங்காலோடு வந்தான், செடியை மிதிக்கப் போகிறோமே என்று.

“அம்மா, மேல ஏத்துலாங்களா? இல்ல ஓரமா போவுணுமா?” என்று கேட்டான்.

இத்தனை நாளில் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

“ஏத்துப்பா, ஏத்துறதுக்குத்தான் போட்டுருக்கு. மெதுவா போ.”

“எங்கூட்லயும் போடுவாங்கம்மா. எங்கம்மா ஊரு திருவந்திபுரம் பக்கம்.” சிரித்துக்கொண்டே கல்லைத் தூக்கி ஓரமாக வைத்தான். காரை ஊர்ந்தபடி ஏற்றிக் கல்லைத் தாண்டினான். பிறகு செய்தான் பாருங்கள் ஒரு காரியம். காரை நிறுத்தி, மறுபடி இறங்கி வந்து, அந்தக் கல்லைத் தூக்கி அது இருந்த இடத்திலேயே வைத்தான். கையைத் தட்டிக்கொண்டு, “வர்றேம்மா,” என்றான்.

நல்ல பிள்ளை என்று நினைத்தாள். யார் பெற்றதோ, நன்றாயிருக்கட்டும் என்றுகூட மனசுக்குள் சொன்னாள். சொல்லிக்கொண்டே பழக்கத்தில் காரின் பின்னால் பார்த்தாள்.

ஸ்ரீமதி. மஞ்சள் எழுத்து. பக்கத்தில் மயிலிறகு.

கார் அடுத்த கல்லண்டை போய் நின்றுவிட்டது. அந்த ஆள் இறங்கி அடுத்த கல்லைத் தூக்கக் குனிந்தான். கொஞ்சம் தள்ளி ரோட்டோரம் இருந்த டீக்கடை வாசலில் டிராக்டரை நிறுத்திவிட்டுத் தங்கராசுவும் இன்னும் சிலரும் உட்கார்ந்திருந்தார்கள். கையை நீட்டி அந்தக் காரைக் காட்டினாள், அவ்வளவுதான். ஒரு வருஷமாக அக்காள் கையை நீட்டுவதற்காகவே காத்திருந்தவன் தங்கராசு. டீ கிளாஸைக் கீழே வைத்தானா போட்டானா தெரியாது.

அந்த ஆள் இரண்டு கையிலும் கல்லோடு நிமிர்ந்தபோது சுற்றி ஆட்கள் நின்றார்கள். “நவுத்திட்டு திரும்ப வெச்சிடறேங்க,” என்றான், கல்லுக்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து. தங்கராசு அவன் கன்னத்தில் அறைந்தான். கல் அவன் காலடியில் விழுந்தது.

“போன பங்குனியில இதே எடத்துல ஒரு ஆள அடிச்சிப் போட்டுட்டுப் போனியே, ஞாபகம் இருக்கா?”

“நானா? இல்லீங்க. நான் இந்த ரோட்டுல வர்றதே இன்னிக்குத்தாங்க. வளையல் வாங்கலாம்னு சிதம்பரம் வந்தேன். போன்ல இப்பிடிக் காட்டுச்சி.”

“வண்டி உன்னுதா?”

“என்னுதுதாங்க. வாங்கி மூணு மாசந்தாங்க ஆவுது. செகண்ட்ஸ்ல எடுத்தது. கடலூர்ல ஒரு புரோக்கர் மூலியமா.”

இது கொளஞ்சியம்மாள் காதில் விழுந்தது. அவள் அதற்குள் கிட்டத்தில் வந்துவிட்டாள், ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக விழுந்தது. மற்றவர்கள் காதில் விழுந்ததோ என்னவோ, ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் முன்கண்ணாடியில் கல்லை விட்டான், இன்னொருவன் கார்க் கதவைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் இழுத்து வெளியே போட்டான். ஒரு அட்டைப்பெட்டி ரோட்டில் விழுந்து பிளந்தது. யாரோ அதன் மேல் ஏறி மிதித்தார்கள்.

தங்கராசு அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருந்தான். பிடித்தபடியே அக்காவைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான்.

“அக்கா, இவன்தான?”

அந்தக் கேள்விக்கு அவளிடம் இருந்தது ஒரே பதில். தெரியாது. அன்றைக்கு ஓட்டினவன் மூஞ்சியை அவள் பார்க்கவேயில்லை. இவன் கல்லைத் திருப்பி வைத்தவன். இவன் மூணு மாசம் என்கிறான். இதெல்லாம் அவளுக்குள் ஓடியது, ஓடவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் ஒரு வருஷம் வெயிலில் நின்றவள் அவள். இவனும் இல்லையென்றால் இன்னும் எத்தனை வருஷம் நிற்பது? இவனாகவே இருந்துவிடக்கூடாதா என்று இருந்தது அவளுக்கு.

“பேரு அதான்டா,” என்றாள்.

தங்கராசு திரும்பி, பிடித்த சட்டையோடு அவனைத் தூக்கித் தள்ளினான். வெறும் தள்ளுதான், கம்பில்லை, கத்தியில்லை. காலுக்கடியில் உளுந்து உருண்டது. நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், பயறு பரப்பின தார் ரோட்டில் வெறுங்கால் நிற்காது. மல்லாக்க விழுந்தான். பின்மண்டை அவள் வைத்த கருங்கல்லில் மோதியது.

தேங்காய் உடைக்கிற சத்தம்தான்.

கொளஞ்சியம்மாள் ஓடிப்போய் மரத்தடியில் வைத்திருந்த பானையிலிருந்து தண்ணீர் மொண்டுவந்து அவன் வாயில் விட்டாள். தண்ணீர் கடைவாய் வழியே வெளியே வந்தது. கண் திறந்திருந்தது, அவளைப் பார்க்கவில்லை. யாரோ போன் போட்டார்கள். ஆம்புலன்ஸ் சத்தம் தூரத்தில் கேட்டது, கேட்டுக்கொண்டே இருந்தது, பக்கத்தில் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது அவளுக்குத்தான் முதலில் உறைத்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரோட்டோடு ஓடினாள். ஒவ்வொரு கல்லாகக் கட்டிப்பிடித்து உருட்டி வாய்க்காலில் தள்ளினாள். நகம் பெயர்ந்தது. அத்தனை கல்லையும் நாமா வைத்தோம் என்றிருந்தது அவளுக்கு. வண்டி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போகும்போது சக்கரத்தடியில் உளுந்து நெற்று படபடவென்று உடைந்தது.

அன்று சாயங்காலமே ஊர் பேசி முடித்துவிட்டது. காரிலிருந்து இறங்கிக் கல்லைத் தூக்கப் போனவன் கால் வழுக்கி விழுந்தான். யாரும் தொடவில்லை. அப்புறம் இன்னொன்று, போன வருஷம் ஆண்டியை அடித்துப் போட்டுவிட்டு ஓடியவன் இவன்தான், வண்டியில் பேர் இருக்கிறது, ஆண்டி சம்சாரமே அடையாளம் காட்டினாள். கார்க் கண்ணாடி உடைந்திருக்கிறதே என்று போலீஸ் கேட்டதற்கு, ஜனங்கள் ஆத்திரத்தில் கொஞ்சம் முன்னேபின்னே இருந்திருப்பார்கள் என்றார்கள். போலீசுக்கு அது போதுமாயிருந்தது. ஒரு வருஷமாக முடியாமல் கிடந்த கேஸ் முடிந்தது பாருங்கள்.

“நீ எதுவும் பேச வேணாம்க்கா,” என்றான் தங்கராசு. அவன் மூஞ்சி ஒரே நாளில் கறுத்துப்போயிருந்தது. “கேட்டா, நான் மரத்தடியில இருந்தேன், பாக்கலன்னு சொல்லு. ஒனக்கு ஒண்ணும் ஆவாது. நீ வாயத் தொறந்தா எனக்குத்தான் ஆவும். எம் புள்ளைவுள நெனச்சிக்க.”

“அவன் மூணு மாசம்னு சொன்னான்டா.”

“அடி வாங்குறவன் ஆயிரம் சொல்லுவான்.”

“நீ கேட்டியா அத?”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனான். அவன் காதிலும் விழுந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போது தெரிந்தது.

மறுநாள் சௌந்தரம் வந்து, மிச்ச உளுந்தைப் புடைத்து அவரவருக்குக் கொடுத்துவிடலாம் என்று உட்கார வைத்தாள். சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும், வேலையைப் பார் என்றாள். அதுவும் சரிதான் என்று கொளஞ்சியம்மாள் முறத்தை எடுத்தாள். தூசி பறந்தது, பொக்கு பறந்தது. கருகருவென்று உளுந்து முறத்தின் அடியில் நின்றது. நடுவில் பச்சையாக என்னவோ மினுங்கியது. எடுத்துப் பார்த்தாள். வளையல் துண்டு. அடுத்த முறத்தில் சிவப்பு. அதற்கடுத்த முறத்தில் பச்சையும் சிவப்புமாக இன்னும் நிறைய.

“கண்ணாடி வளையலு,” என்றாள் சௌந்தரம். “எதுக்கு இம்மாம்?”

இம்மாம் வளையல் எதற்கு வாங்குவார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். வளைகாப்புக்குத்தான் வாங்குவார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கு இரண்டு கை நிறைய அடுக்கி, வந்திருக்கிற பொம்பளைகளுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பார்கள். வளையல் வாங்க வந்தேன் என்றானே. சௌந்தரம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொளஞ்சியம்மாள் அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனியாக வைத்தாள். பொறுக்கி முடியவில்லை. உளுந்துக்குள் கண்ணாடி கலந்தால் அந்த உளுந்தை யாரும் தின்ன முடியாது. அத்தனையையும் கொண்டுபோய்க் குப்பைக்குழியில் கொட்டினாள். ஊரார் உளுந்தும் அதில் போயிற்று. சௌந்தரம் தடுக்கவில்லை.

அப்படியே கையைக் கழுவிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் தலைக்காயம் பட்டவர்களை வைத்திருக்கிற வார்டைக் கேட்டுக் கேட்டுப் போனாள். வெளியே வராந்தாவில் ஒரு பெண் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நிறைமாத வயிறு. பக்கத்தில் ஒரு பை, அதன் மேல் அந்த நீலச் சட்டை மடித்து வைத்திருந்தது. யாரையும் கேட்கத் தேவையில்லாமல் கொளஞ்சியம்மாள் போய் அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

“எப்பிடிம்மா இருக்காரு?”

“கண்ணு முழிக்கலங்க. பாண்டிக்கு எடுத்துக்கிட்டுப் போவச் சொல்றாங்க. எங்கம்மா வண்டிக்கு ஏற்பாடு பண்ணப் போயிருக்காங்க.” அப்புறம் இவளை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க அந்த ஊருங்களா?”

“ஆமா. வடக்குமேடு.”

“தண்ணி குடுத்தாங்களாமே ஒரு அம்மா, அவுங்களா? ஆம்புலன்ஸ்காரரு சொன்னாரு. அந்தம்மாதான் கல்லெல்லாம் தள்ளிவுட்டு வழி பண்ணாங்கன்னு.”

கொளஞ்சியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பெண் எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பெயர்ந்த நகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் இறுக்கமாகப் பிடித்தாள். அவள் பெயர் வெண்மதி என்றும், புருஷன் பெயர் செந்தமிழ்செல்வன் என்றும், கடலூர் பக்கம் குடிகாட்டில் வீடு, ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் கரண்டு வேலை பார்க்கிறான் என்றும் சொன்னாள். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று காத்திருந்தவள் மாதிரிச் சொன்னாள்.

“ஆள அடிச்சிட்டு ஓடுனவராம்மா அவரு. போலீஸ்ல சொல்றாங்க. போன பங்குனியில எங்ககிட்ட சைக்கிள்தான் இருந்துச்சி. நான் முழுவாம இருக்கன்னு, பஸ்ல இடிபட வேணாம்னு, தை பொறந்துதான் வண்டி எடுத்தாரு. அதச் சொன்னா கேக்க ஆள் இல்ல.”

“யாருகிட்டம்மா எடுத்தாரு?”

“புரோக்கருதான். வித்தவரு யாருன்னு நாங்க பாக்கவேயில்ல. புது வண்டி எடுத்துட்டாராம், அதனால இத குடுத்துட்டாராம்.”

புது வண்டி. விற்றவன் அதிலும் பின்னால் அதே பேரை ஒட்டியிருப்பான், மஞ்சளிலோ வெள்ளையிலோ. எங்கேயோ ஒரு ரோட்டில் இந்நேரம் ஓட்டிக்கொண்டு போவான்.

“அந்தப் பேர எடுத்திருக்கலாமேம்மா,” என்றாள் கொளஞ்சியம்மாள். “கண்ணாடியில இருந்த பேர. சொரண்டியிருக்கலாமே.”

“அவரு சொரண்டத்தான் போனாருங்க. பிளேடு எடுத்துட்டு வந்துட்டாரு. நாந்தான் வேணாம்னேன். பொம்பளப் புள்ள பேரு, அழிக்கக் கூடாது, நமக்கும் பொண்ணு பொறந்தா இதே பேர வெச்சிடலாம்னேன்.” அதுவரை அழாமல் பேசிக்கொண்டிருந்தவள் அந்த இடத்தில் உடைந்தாள். “அந்தப் பேராலதான் அவரு மேல பழி வந்துச்சாம்.”

வராந்தாவின் கோடியில் ஒரு போலீஸ்காரர் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொளஞ்சியம்மாள் அவரைப் பார்த்தாள். தங்கராசுவின் சின்னது பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அத்தை அத்தை என்று இவள் வீட்டுக்குத்தான் முதலில் ஓடிவரும். அதையும் நினைத்தாள். எழுந்து பஸ் ஏறிவிடலாம், கை வேறு வெண்மதி பிடியில் இருக்கிறது, உருவிக்கொண்டு போக வேண்டும். உருவிக்கொள்ளவில்லை.

“அந்தப் பேரப் படிச்சவ நாந்தாம்மா,” என்றாள்.

வெண்மதிக்குப் புரியவில்லை.

“எம் புருசன அடிச்ச வண்டியில அந்தப் பேரு இருந்துச்சி. ஒரு வருசமா அதத் தேடிக்கிட்டுத்தான் ரோட்டுல ஒளுந்து போட்டன். கல்லு வெச்சதும் நாந்தான். கைய நீட்டிக் காட்டுனதும் நாந்தான். தள்ளுனது எந் தம்பி தங்கராசு. ஒன் வூட்டுக்காரரு வண்டி வாங்கி மூணு மாசந்தான் ஆவுதுன்னு சொன்னாரும்மா. எனக்குக் கேட்டுச்சி. இவன்தானான்னு எந் தம்பி கேட்டான். நான் பேரு அதான்னு சொன்னன்.”

வெண்மதியின் பிடி தளர்ந்தது. கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். கத்துவாள், அடிப்பாள், போலீஸ்காரரைக் கூப்பிடுவாள் என்று கொளஞ்சியம்மாள் காத்திருந்தாள். அவள் எதுவும் செய்யவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“வண்டிக்குப் பின்னாடி இருந்த பேரத்தான் பாத்தீங்களா? அவரு மூஞ்சப் பாக்கலியாம்மா?”

கல்லைத் திருப்பி வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு, வர்றேம்மா என்று சிரித்த மூஞ்சி.

“பாத்தேன்,” என்றாள் கொளஞ்சியம்மாள். எழுந்து போலீஸ்காரரை நோக்கி நடந்தாள்.